தூரிகையும் ஸனதும்

உருவம் வரைதல் குறித்த ஹதீஸ்களையும் அவற்றையொட்டி ஃபுகஹாக்கள் வகுத்த சட்டங்களையும் நாம் அறிவோம். அவற்றை விவாதிப்பது ஈண்டு நம் நோக்கமன்று. அச்சட்டங்கள் ஓதப்பட்டுவந்த உஸ்மானியத் தலைநகர் இஸ்தான்பூலில் தைல வண்ண உருவப்படக் கலை எவ்வாறு பயிலப்பட்டது என்பதையே நோக்குவோம்.

சுல்தான் இரண்டாம் முஹம்மதின் வேண்டுகோளை ஏற்று, 1479இல் வெனிஸ் அரசு ஜென்டிலே பெல்லினி என்னும் ஓவியரை அனுப்பிவைத்தது. 1480ஆம் ஆண்டைத் தாங்கிய சுல்தானின் தைல ஓவியம் லண்டன் தேசிய ஓவியக் கூடத்துக்கு உரியது. பிற்காலத்தார் பெரிதும் திருத்தி வரைந்தமையால், மூல ஓவியரின் கைவண்ணம் அதில் சிறிதே எஞ்சியுள்ளது. அக்காலத்தையொட்டி உஸ்மானிய ஓவியர் தீட்டிய, சுல்தான் ரோஜாவை முகரும் படம் தோப்காப்பி அரண்மனையில் உள்ளது. அதில் முகத்தில் மட்டும் மேனாட்டு ஒளிநிழல் காணப்படுகிறது. உடலோ நுண்ணோவிய மரபின்படி தட்டையாகவே உள்ளது. விருந்தினர் விட்டுச்சென்ற சுவடு அவ்வளவே.

கல்வி வேரூன்றாமை ஏன்? அரபு எழுத்தணிக் கலை உஸ்தாதிடமிருந்து மாணவருக்கு இஜாஸாவுடன் கைமாறியது. நம் அரபிக் கல்லூரிகளின் ஸனதைப் போன்றதே அது. தைல ஓவியத்துக்கு அங்கே அத்தகைய தொடர் இல்லை. முறையும் வேறு. நுண்ணோவியர் கோடு வரைந்து, உள்ளே வண்ணம் நிரப்புவார். தைல ஓவியரோ மெல்ல உலரும் வண்ணத்தை ஒன்றோடொன்று குழைத்து, இருளிலிருந்து ஒளிக்குப் படிப்படியாக நகர்ந்து, கோடின்றியே மூக்கையும் கன்னத்தையும் எழச்செய்வார். பல்லாண்டுப் பயிற்சியும் அருகிருந்து திருத்தும் ஆசிரியரும் இன்றி அது கைவராது.

அத்தொடர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றியது. சட்டம் பயில 1860இல் பாரிஸ் சென்ற உஸ்மான் ஹம்தி, ஓவியராகத் திரும்பினார். அவர் தலைமையில் 1883இல் இஸ்தான்பூலில் நுண்கலைக் கல்லூரி திறக்கப்பட்டது. பெண்களுக்கான கல்லூரி 1914இல் தோன்றியது. உருவப்பட ஓவியரான மிஹ்ரி ஹானும் அங்கே கற்பித்தார்.

உஸ்மானிய மரபின் இறுதிக் கலீஃபாவான இரண்டாம் அப்துல் மஜீதும் தம் உருவையும் குடும்பத்தாரையும் தைல வண்ணத்தில் தீட்டியவர். 1924இல் நாடுகடத்தப்பட்ட அவர், 1944இல் பாரிஸில் காலமானார்.

கலீஃபா ஒருவரின் செயல் ஷரீஅத்துக்கு ஆதாரமாகாது, வரலாற்றுக்கு ஆதாரமாகும். முஸ்லிம்கள் உருவப்படக் கலையை அறியாதோர் என எழுதுவோரும், அறிந்ததை மறைக்க விழைவோரும் அதனைப் புறந்தள்ள இயலாது.