பேராதனை மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் பாம்பரணைகள்



சென்ற கிழமை பாடசாலைத் தோட்டத்தில் கொம்போஸ்ட் குவியலைக் கிளறும்போது, சுண்டுவிரல் தடிப்பில் கபில நிறப் பிராணி ஒன்று வெளியே நெளிந்தது. "பாம்பு!" என்று ஒரு பிள்ளை கத்த, மண்வெட்டி விழுந்தது. பக்கத்தில் நின்ற ஆசிரியர்கள் நாமும் தடுக்கவில்லை. வால் மட்டும் தனியாகத் துள்ளுவதைக் கண்ட பிறகுதான் சந்தேகம் வந்தது. குனிந்து பார்த்தால், உடம்போடு ஒட்டிக்கிடந்தன நான்கு குட்டிக் கால்கள். பாம்பல்ல, அரணை. பாம்பரணை.

அரணை கடித்தால் மரணம் என்பார் உம்மும்மா. கடிக்க வந்ததையே அரணை மறந்துவிடும் என்பதும் அவர் சொன்னதுதான். இரண்டும் சரியல்ல. அரணைக்கு விஷமே கிடையாது.

இந்தப் பிராணிக்கும் எமது ஊருக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1849இல் பேராதனைப் பூந்தோட்டத்தைப் பொறுப்பேற்க வந்தவர் துவைற்ஸ். சுமார் முப்பது வருடங்கள் அதை நடத்தி, 1882இல் கண்டியிலேயே இறந்தார். அவர் தாவரவியலாளர். ஆனால் லண்டன் பிரித்தானிய நூதனசாலையிலிருந்த குந்தர், 1872இல் இலங்கைப் பாம்பரணை ஒன்றுக்கு அவருடைய பெயரையே வைத்தார். நக்கிள்ஸ், கண்டிப் பக்கத்து மலைகளில் வாழும் அந்த இனத்துக்குக் காலொன்றுக்கு நான்கு விரல்கள். உலகில் வேறெங்கும் அது இல்லை.

அதற்கு முன்பே, இலங்கையில் பிறந்த இராணுவ வைத்தியர் கெலார்ட் இந்நாட்டு விலங்குகளைப் பட்டியலிடத் தொடங்கியிருந்தார். கால்களே இல்லாத ஒரு பாம்பரணைக்கு, சிவில் சேவையிலிருந்த பறவை ஆர்வலர் லேயார்டின் பெயரை 1853இல் வைத்தவர் அவர்தான். (நினிவே நகரைத் தோண்டிய லேயார்ட், இவருடைய அண்ணன்.) 1880களில் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த சராசின் சகோதரர்களின் பெயரும் 1889இல் இன்னொன்றுக்குப் போனது. அவர்கள் உண்மையில் உடன்பிறந்த சகோதரர்கள் அல்லர்.

தோட்டத்தில் மண் கொத்தி, கல் புரட்டி, இந்தப் பிராணிகளை முதலில் கண்ட கைகள் யாருடையவையோ, அவர்களுடைய பெயர் எதுவும் இந்த வரிசையில் இல்லை. ஒரேயொரு ஆறுதல்: 1940இல் தெரணியகல ஓர் இனத்துக்கு, அரணையைக் குறிக்கும் சிங்களச் சொல்லான 'ஹிக்கனலா'வையே விஞ்ஞானப் பெயராக்கினார். எமது 'அரணை'க்கு அந்த யோகம் வாய்க்கவில்லை!

நெசியா என்ற பேரினம் இலங்கைக்கு மட்டுமே உரியது. அதில் மூன்று விரல் உள்ளது, இரண்டு விரல் உள்ளது, பின்னங்கால் மட்டும் உள்ளது, காலே இல்லாதது என எல்லாம் உண்டு. துவைற்ஸின் நான்கு விரலையும் சேர்த்து ஒரு மேசையில் அடுக்கினால், கால் எப்படிக் குறைந்து மறைகிறது என்பதை உயர்தர மாணவர்களுக்குப் படமில்லாமலே காட்டலாம். மண்ணுக்குள் நீந்துவதுபோல நகரும் உடம்புக்குக் கால் இடைஞ்சல்தான். இங்கிலாந்துத் தோட்டங்களிலும் காலில்லாப் பல்லியொன்று உண்டு. அங்கும் பாம்பென்று அடிபடுகிறது.

அப்படியென்றால் பாம்பு எது? கண்ணைப் பாருங்கள். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணாடி போன்ற செதிலொன்று கண்ணை மூடியிருக்கும். அரணை இமைக்கும். பெரும்பாலான பாம்புகளின் வயிற்றில் அகலமான செதில்கள் ஒற்றை வரிசையாக இருக்கும். அரணைக்கு முதுகிலும் வயிற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவுச் சின்னச் செதில்கள். பாம்பின் நாக்கு ஆழமாகப் பிளந்தது, அரணையினுடையது தட்டையானது. பிடித்தால் வாலை உதிர்த்துவிட்டு அரணை தப்பும். வெட்டுப்பட்ட பிறகும் துள்ளிய அந்த வால், எதிரியின் கவனத்தைத் திருப்பத்தான். எம்மிடம் அது பலிக்கவில்லை.

மண்புழு போலத் தோன்றும் குருட்டுப் பாம்பு மட்டும் குழப்பும். அதற்கும் வயிற்றில் அகலச் செதில் இல்லை. அதுவும் யாருக்கும் தீங்கு செய்யாதது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இதை வாசித்துவிட்டு, பிள்ளைகள் எதையும் கையால் தூக்கிப் பரிசோதிக்க வேண்டாம். எமது பகுதி இலைச்சருகுக்குள் குணகட்டுவா விரியனும் இருக்கிறது, அது கடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சந்தேகம் வந்தால் இரண்டடி தள்ளி நின்று ஒரு போட்டோ எடுத்து எமக்கு அனுப்புங்கள். மண்வெட்டியை அதுவரை கீழே வையுங்கள்.