44 போட்ட சட்டை

நியூயார்க் மாநிலத்தின் நடுவே, குளிர்காலம் முழுக்கப் பனி கொட்டும் ஊர் சிராக்யூஸ். அங்கிருக்கும் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் குறியீடு 13244. தொலைபேசி எண்கள் 443 என்று தொடங்கும். இரண்டிலும் 44 வருவது தற்செயல் என்று அந்த ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். விளையாட்டுச் சட்டை ஒன்றின் எண்ணை முகவரியிலேயே ஏற்றிக்கொண்ட கல்லூரி அது. அதே கல்லூரிதான் 2005 நவம்பரில், இனி அந்தச் சட்டையை யாரும் போடக்கூடாது என்று மடித்து உள்ளே வைத்தது.

சட்டைக்கு ஓய்வு கொடுப்பது என்றால் என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2017இல் ஷர்துல் தாக்கூர் 10ஆம் எண்ணோடு களமிறங்கியபோது, அது சச்சினுடையது அல்லவா என்று ரசிகர்கள் அவரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். தோனியின் 7 இனி யாருக்கும் கிடையாது என்று 2023இல் செய்தி வந்தது. சென்னையில் யாருக்கும் காரணம் சொல்லத் தேவைப்படவில்லை.

கல்லூரி ஆட்டத்தில் இது அவ்வளவு சுலபமில்லை. நான் சொல்வது முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பாலை. மாணவன் ஒருவன் அங்கே ஆடுவது மூன்று நான்கு வருஷம்தான். அணியிலோ நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். எண்கள் 0 முதல் 99 வரை. அந்த 0கூட 2020இல்தான் அனுமதிக்கப்பட்டது. இதில் 50 முதல் 79 வரை முன்வரிசையில் நின்று முட்டி மோதுகிற கனத்த ஆட்களுக்குப் போய்விடும். போதாக்குறைக்கு ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்து, இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்வார்கள். கிட்டத்தட்ட ரேஷன். இந்த நிலைமையில் ஒரு எண்ணைப் பெட்டியில் போட்டுப் பூட்டுவது என்றால், இனி வரப்போகிற அத்தனை பையன்களின் பங்கிலிருந்தும் கொஞ்சம் எடுத்து ஒருவனுக்குக் கொடுப்பதுதான். அதனால் பல கல்லூரிகள் சட்டையைச் சுவரில் மாட்டி மரியாதை செய்துவிட்டு, எண்ணை அடுத்த பையனுக்குக் கொடுத்துவிடும். நோட்டர்டேம் ஃபுட்பாலில் எந்த எண்ணையும் பூட்டியதே இல்லை. இல்லினாய் இரண்டோடு நிறுத்திக்கொண்டது: ரெட் கிரேஞ்சின் 77, டிக் பட்கஸின் 50. உங்களுக்கு 77 எப்படிக் கிடைத்தது என்று கிரேஞ்சிடம் கேட்டார்களாம். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவனுக்கு 76, பின்னால் நின்றவனுக்கு 78 என்றாராம்.

44ம் அந்த மாதிரி ஒரு வரிசை எண்தான். அதைப் புகழ்பெறச் செய்த ஜிம் பிரவுனுக்கு முன்னாலும் சிலர் அதைப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிரவுன் லாங் ஐலண்டின் மன்ஹாசெட்டிலிருந்து வந்தவர். முதல் வருஷம் அவருக்கு உதவித்தொகை இல்லை. கென்னத் மொலாய் என்ற உள்ளூர் வழக்கறிஞர் ஊராரிடம் பணம் திரட்டிக் கட்டினார். அந்த ஆண்டின் புதுமாணவர் அணியில் பிரவுன் ஒருவர்தான் கறுப்பர். 1954 முதல் மூன்று பருவங்கள் 44ஐப் போட்டு ஆடினார். கடைசிப் பருவத்தில், 1956இல், கோல்கேட் கல்லூரிக்கு எதிரான ஆட்டத்தில் அவர் ஒருவரே எடுத்தது 43 புள்ளிகள். ஆறு டச்டவுன், அதாவது பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டியது ஆறு முறை; அது போக, ஏழு முறை தானே பந்தை உதைத்துக் கூடுதல் புள்ளி. பருவ முடிவில் வந்த காட்டன் பவுல் ஆட்டத்தில் சிராக்யூஸ் 27-28 என்று ஒரே புள்ளியில் தோற்றது. அந்த 27இல் 21 பிரவுனுடையவை. அந்த ஆட்டத்துக்கு முன்பே நடந்து முடிந்திருந்த, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பை வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம்தான். அதுவரை கறுப்பர் யாருக்கும் அந்தக் கோப்பை போனதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தன் சட்டைக்கு ஓய்வு கொடுக்கப்படும் தகுதி கல்லூரி வீரர் எவருக்காவது உண்டென்றால், 1956இல் அது பிரவுனுக்கு இருந்தது. அன்றைக்கே 44ஐ மடித்து வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. யாருக்கும் அது தோன்றவில்லை. பிரவுன் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார். சட்டை கிடங்குக்குப் போனது.

எர்னி டேவிஸ் சிறுவயதில் திக்கித் திக்கிப் பேசுவார். பென்சில்வேனியாவில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, பன்னிரண்டு வயதில் அம்மாவிடம் எல்மைராவுக்கு வந்தார். அவரைத் தேடி வந்த கல்லூரிகள் பல. சிராக்யூஸுக்கு வா என்று கூப்பிட்டவர்களில் பிரவுனும் ஒருவர். 1959இல் 44 டேவிஸின் முதுகில் ஏறியது. அந்தப் பருவத்தில் சிராக்யூஸ் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை; தேசிய சாம்பியன் ஆனது. 1960 புத்தாண்டு அன்று டல்லாஸில் காட்டன் பவுல். டெக்சஸுக்கு எதிராக 87 யார்டு தூரத்து டச்டவுன் ஒன்று, ஆட்ட நாயகன் விருது. அன்றிரவு விருந்தில் கறுப்பு வீரர்கள் பரிசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும், உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்று சொல்லப்பட்டது. அந்த அரங்கில் அன்று அவரைவிடப் பெரிய ஆள் கிடையாது. அவருக்கு அங்கே ஒரு தட்டு கிடையாது.

1961இல் ஹெய்ஸ்மன் கோப்பை டேவிஸுக்கு வந்தது. அதை வாங்கிய முதல் கறுப்பர் அவர்தான். கோப்பை வாங்க நியூயார்க் நகரத்துக்கு வந்தவரைப் பார்க்க வேண்டும் என்று அங்கிருந்த ஜனாதிபதி கென்னடி ஆள் அனுப்பினார்.

அடுத்த பருவத்துக்குத் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, முதல் ஆளாகத் தேர்வானவர் டேவிஸ். வாஷிங்டன் அணி எடுத்து, கிளீவ்லாண்டுக்கு மாற்றிவிட்டது. கிளீவ்லாண்டில் ஏற்கெனவே பிரவுன் 32 போட்டு ஆடிக்கொண்டிருந்தார். டேவிஸுக்கு 45. பழைய 44ம் புதிய 44ம் ஒரே வரிசையில் ஓடப்போகின்றன என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அடுத்த வருஷம் கோடையில் டேவிஸுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது.

ஆகஸ்டில், பருவம் தொடங்கும் முன் நடக்கும் பயிற்சி ஆட்டம் ஒன்றுக்காகக் கிளீவ்லாண்ட் மைதானம் நிரம்பியிருந்தது. டேவிஸ் ஆடவில்லை. சீருடை போட்டுக்கொண்டு வந்தார். பெயரை அறிவித்தார்கள். ஒரே ஒரு ஒளிவட்டம் அவர்மேல் விழ, அது கூடவே வர, அவர் களத்துக்குள் ஓடினார். கிளீவ்லாண்ட் சட்டையில் ஊர் அவரைக் களத்தில் பார்த்தது அந்தச் சில விநாடிகள்தான். 1963 மே 18 அன்று, 23 வயதில் இறந்தார். எல்மைராவில் உட்லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். மார்க் ட்வைன் இருப்பதும் அங்கேதான். கிளீவ்லாண்ட் அணி 45க்கு ஓய்வு கொடுத்தது. ஒரு ஆட்டம்கூட ஆடாதவருக்கு ஒரு எண். யார்டுகளையும் டச்டவுன்களையும் கூட்டிக் கழித்துத் தகுதி பார்ப்பவர்கள் இந்த 45ஐ எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது தப்பு என்று சொன்ன ஒருவரை நான் இதுவரை படித்ததில்லை.

44 மட்டும் நிற்கவில்லை. ஃப்ளாய்ட் லிட்டில் கனெக்டிகட்டின் நியூ ஹேவன் பையன். நோட்டர்டேமும் கூப்பிட்டது, வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்கு வரச்சொல்லி ஜெனரல் மெக்ஆர்தரே பேசினார். சிராக்யூஸ் சார்பில் பயிற்சியாளர் பென் ஷ்வார்ட்ஸ்வால்டரோடு வந்தவர் டேவிஸ். ஒரு உணவகத்தில் சாப்பிட்டார்கள். லிட்டில் அப்போதைக்கு ‘வருகிறேன்’ என்று சொல்லிவைத்தார். சொன்னாரே தவிர, மனம் முடிவு செய்திருக்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன நோய் என்பதும் தெரியாது. சில மாதங்களில் டேவிஸ் இறந்த செய்தி வந்ததும், பயிற்சியாளருக்குப் போன் போட்டு ‘சிராக்யூஸுக்கு வருகிறேன்’ என்றார். இந்தக் கதையை லிட்டில் ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். 1964இல் 44ஐப் போட்டார். ஆரம்ப ஆட்டங்களில் ஒன்றிலேயே, கேன்சஸுக்கு எதிராக, ஐந்து டச்டவுன்.

பிரவுன் கல்லூரியில் ஓடியது 2,091 யார்டு. டேவிஸ் அதைத் தாண்டி 2,386. லிட்டில் அதையும் தாண்டி 2,704. பிறகு லாரி சோங்கா வந்து லிட்டிலை முந்தினார். அவர் போட்டது 39. ஜோ மாரிஸ் எல்லாரையும் எங்கோ பின்னால் விட்டுவிட்டு 4,299க்குப் போனார், அவருடையது 47. 39க்கும் 47க்கும் சிராக்யூஸ் தபால் குறியீட்டை மாற்றவில்லை. யார்டில்தான் மகிமை இருக்கிறது என்றால் மாற்றியிருக்க வேண்டும். 44இல் ஊர் பார்த்தது வேறு: ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனது. பிரவுன் கூப்பிட்டு டேவிஸ் வந்தார். டேவிஸ் கூப்பிட்டு லிட்டில் வந்தார். பிரவுனோடு பூட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

லிட்டிலுக்குப் பிறகு சட்டை கனத்துப்போனது. நல்ல பையன் ஒருவனை இழுக்க வேண்டுமென்றால் பயிற்சியாளர்கள் ‘44 தருகிறோம்’ என்பார்கள். தூண்டிலில் கோர்த்த புழு மாதிரி. வந்து போட்ட எல்லாராலும் அதைத் தூக்க முடியவில்லை. சிலருக்கு அது இறக்கை, பலருக்கு மூட்டை. 1987இல் மைக்கேல் ஓவன்ஸ் வெஸ்ட் வர்ஜினியாவுக்கு எதிராக ஆட்டத்தின் கடைசித் தருணத்தில் இரண்டு புள்ளிக்கான ஓட்டத்தில் கோட்டைத் தொட்டு, 32-31 என்று ஜெயித்துக் கொடுத்தார். தோல்வியே இல்லாத பருவம் அவர் காலால் தப்பித்தது. எண் கூடைப்பந்து அணிக்கும் தாவியது. டெரிக் கோல்மன், ஜான் வாலஸ் இருவரும் 44தான். ஃபுட்பாலில் கடைசியாகப் போட்டவர் ராப் கான்ராட். 1998 பருவம் முடிந்து அவர் கழற்றியதோடு சரி. பிறகு எந்தப் பையனுக்கும் கொடுக்கவில்லை. ஏழு வருஷம் கழித்து, 2005 நவம்பர் 12 அன்று, கேரியர் டோம் அரங்கில் முறைப்படி ஓய்வு கொடுத்தார்கள். அந்தப் பருவத்தில் சிராக்யூஸ் ஆடிய 11 ஆட்டங்களில் ஜெயித்தது ஒன்றே ஒன்று. பெருமைப்பட இன்று எதுவும் இல்லாத வீட்டில்தான் தாத்தா படத்துக்குப் பெரிய மாலை விழும். இது என் குசும்பு. விழாவை நடத்தியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

2008இல் வளாகத்தில் டேவிஸுக்குச் சிலை வைத்தார்கள். திறந்து பார்த்தால் வெண்கல டேவிஸின் உடுப்பில் நைக்கி சின்னம். நைக்கியின் முன்னோடி நிறுவனமே தொடங்கப்பட்டது 1964இல், டேவிஸ் இறந்து அடுத்த வருஷம். கேலி கிளம்பியதும் திருத்தினார்கள். போட்டு ஆடிய சட்டையில் அழுக்கும் கிழிசலும் இருக்கும், தப்பு இருக்காது. பீடத்தில் ஏற்றிய சட்டையில்தான் இந்த மாதிரிப் பிழையெல்லாம் நுழைகிறது.

பூட்டியதைத் திறந்து பார்த்தவர்களும் உண்டு. மிச்சிகனில் விஸ்டர்ட் குடும்பத்து அண்ணன் தம்பி மூவரும் ஒருவர் பின் ஒருவராகப் போட்ட 11, பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்டின் 48, டாம் ஹார்மனின் 98 எல்லாம் பல காலம் உள்ளே கிடந்தன. 2011இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி, நெஞ்சில் பழைய வீரரின் பெயர் பொறித்த சின்னத்தோடு அவற்றை இன்றைய மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பையன் இன்னொருவர் பெயரை நெஞ்சில் சுமந்துகொண்டு விழுந்து எழுவான். நான்கைந்து வருஷத்தில் அதையும் கைவிட்டு மறுபடியும் பூட்டிவிட்டார்கள். சிராக்யூஸிலும் 2015இல் தடகளத் துறை இயக்குநர் மார்க் கொய்ல், 44 திரும்ப வரப்போகிறது என்று மேடையில் சொன்னார். கைதட்டல் அடங்குவதற்குள் அவசரப்பட்டுவிட்டேன் என்று பின்வாங்கினார்.

லிட்டில் 2021 புத்தாண்டு அன்று இறந்தார். பிரவுன் இறந்தது 2023 மே 18. டேவிஸ் போன அதே தேதி, சரியாக அறுபது வருஷம் கழித்து. கூப்பிட்டவர்களும் கூப்பிடப்பட்டவர்களும் போய்விட்டார்கள். அந்தச் சட்டையைக் கடைசியாகக் கழற்றிய கான்ராட் இருக்கிறார். 2015 ஜனவரியில் ஃப்ளோரிடா கடலில் தனியாக மீன் பிடிக்கப் போனவர் படகிலிருந்து தவறி விழுந்தார். படகு ஆளில்லாமல் தன்பாட்டுக்குப் போய்விட்டது. பதினாறு மணி நேரம் நீந்தி, விடியும் முன்னே பாம் பீச்சில் கரையேறி, கண்ணில் பட்ட ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்.