ஆசிரியரை ஏசிய பாட்டும் அதைப் பாட வைத்த ஆசிரியரும்



போன வாரம் தரம் 10 வகுப்பில் ஒரு மாணவன் எழும்பி, "சேர், டீச்சர்மாரை ஏசுற இங்கிலீஷ் பாட்டு ஒண்டு இருக்காம். பிள்ளைகளே சேர்ந்து பாடுறாங்களாம். கேட்டிருக்கீங்களா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது.

கேட்டிருக்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் விடுதி நண்பன் ஒருவனின் போனில் அந்தப் பாட்டு ஓயாமல் ஓடும். அப்போது எனக்கும் அது வேடிக்கைதான். பின்னர் அதன் வரலாற்றைத் தேடி வாசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அன்று வகுப்பில் அவசரமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

பாட்டின் பெயர் 'அனதர் பிரிக் இன் த வோல்', இரண்டாம் பகுதி. பிரித்தானியாவின் பிங்க் ஃபுளொய்ட் இசைக்குழு 1979 நவம்பரில் வெளியிட்ட 'த வோல்' என்ற இரட்டை இசைத்தட்டில் இது வருகிறது. அந்த இசைத்தட்டு ஒரு ரொக் ஒபேரா. அதாவது, மேடை நாடகம்போல ஒரே கதையைப் பாட்டுகளாலேயே சொல்லிக்கொண்டு போவது. 'பிங்க்' என்பவன் கதையின் நாயகன். போரில் தந்தையை இழக்கிறான். பாடசாலையில் அவமானப்படுகிறான். ஒவ்வொரு காயமும் ஒரு செங்கல்லாக மாற, கடைசியில் தன்னைச் சுற்றித் தானே ஒரு சுவரைக் கட்டிக்கொள்கிறான்.

கதையை எழுதியவர் குழுவின் ரோஜர் வோட்டர்ஸ். 1977இல் கனடாவின் மொன்றியல் நகரில் நடந்த கச்சேரியில், ஆரவாரம் செய்த ரசிகர் ஒருவர்மீது கோபத்தில் அவர் துப்பிவிட்டார். பிறகு தன் செயலை நினைத்து அவரே வெட்கப்பட்டார். தனக்கும் மக்களுக்கும் இடையில் ஒரு சுவர் எழும்பிவிட்டது என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. அவருடைய தந்தை 1944இல் இத்தாலியின் அன்சியோ போர்க்களத்தில் இறந்தவர். வோட்டர்ஸுக்கு அப்போது சில மாதங்களே வயது. அந்தத் தந்தை ஒரு பாடசாலை ஆசிரியர். தாயும் ஆசிரியைதான். ஆக, ஆசிரியர்களை ஏசும் இந்தப் பாட்டு ஆசிரியர் வீட்டுப் பிள்ளை எழுதியது.

முதலில் அது மிகச் சின்னப் பாட்டு. ஒரேயொரு சரணம்தான் இருந்தது. நீட்டுவதற்குக் குழுவினர் விரும்பவில்லை. தயாரிப்பாளர் பொப் எஸ்ரின் அதே பகுதியைப் பிரதி எடுத்து, இன்னொரு தடவை ஒட்டிப் பாட்டை நீளமாக்கினார். இரண்டாவது தடவையும் அதே குரல் வந்தால் சலிக்கும் அல்லவா? அங்கே பிள்ளைகளைப் பாட வைக்கலாம் என்று முடிவானது. குழுவினர் அப்போது அமெரிக்காவில் இருந்தார்கள். லண்டனில் இருந்த ஒலிப்பதிவுப் பொறியியலாளர் நிக் கிரிஃபித்ஸிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள்.

அவருடைய ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் பக்கத்தில் இஸ்லிங்டன் கிரீன் என்ற அரச பாடசாலை இருந்தது. அங்கே சங்கீத பாடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் அலன் ரென்ஷோ. பாடப்புத்தகத்துக்குள் சங்கீதத்தை அடைத்து வைக்க விரும்பாதவர். பிள்ளைகளுக்கு அது சொந்தமாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தவர். கேட்டதும் உடனே சம்மதித்தார். அதிபரிடம் அனுமதி கேட்கவில்லை. 13 முதல் 15 வயது வரையான 23 பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார். அவர்களின் குரலைப் பல தடவை பதிவு செய்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார் கிரிஃபித்ஸ். அதனால்தான் கேட்கும்போது ஒரு பாடசாலையே சேர்ந்து பாடுவது போலிருக்கிறது.

பாட்டு வெளிவந்ததும் பிரித்தானியாவில் முதலாம் இடம். 1980இல் அமெரிக்காவிலும் முதலாம் இடம். ஆனால் பாடசாலைக்குள் பெரும் சிக்கல். வரிகளை அறிந்த அதிபர் மார்கரெட் மேடன், பிள்ளைகள் தொலைக்காட்சியில் தோன்றுவதைத் தடுத்தார். லண்டன் கல்வி அதிகாரசபையும் அதிருப்தி அடைந்தது. பாட்டுக்கான காணொளியில் வேறு பிள்ளைகள் வந்து வாயசைத்தார்கள். பாடசாலைக்கு 1,000 பவுண் கிடைத்தது. பாடிய பிள்ளைகளுக்கு உரிமைத்தொகை என்று எதுவும் வரவில்லை. 1996இல் பிரித்தானியாவில் சட்டம் மாறிய பிறகு, 2004இல்தான், நடுத்தர வயதை எட்டியிருந்த அந்தப் 'பிள்ளைகள்' தங்கள் பங்கைக் கேட்டு முன்வந்தார்கள். பிள்ளைகளின் குரலை யாரும் மதிப்பதில்லை என்று சொன்ன பாட்டே, பாடிய பிள்ளைகளின் குரலுக்கு அவ்வளவு காலம் விலை கொடுக்கவில்லை.

இனித்தான் முக்கியமான பகுதி. 1980இல் தென்னாபிரிக்கா நிறவெறி ஆட்சியின் கீழ் இருந்தது. வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு கல்வி, மற்றவர்களுக்குத் தரம் குறைந்த கல்வி. அதை எதிர்த்து கேப்டவுன் பக்கம் மாணவர்கள் பாடசாலைகளைப் பகிஷ்கரித்தார்கள். அப்போது இந்தப் பாட்டைத் தங்கள் கோஷமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் அரசாங்கம் பாட்டைத் தடை செய்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த மாணவர்களுக்குப் படிப்பு கசந்ததா? இல்லை. நல்ல படிப்பு கேட்டுத்தான் அவர்கள் தெருவில் இறங்கினார்கள். பாட்டின் சொற்களை மேலோட்டமாகப் பார்த்தால் கல்வியே தேவையில்லை என்பது போலத் தோன்றும். கேப்டவுன் பிள்ளைகள் அதன் உள்ளர்த்தத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். மனிதனை மட்டம் தட்டி ஒரே அச்சில் வார்க்கும் கல்விதான் வேண்டாம் என்பது அது.

1982இல் அலன் பார்க்கர் இயக்கிய திரைப்படத்தில் இந்தக் காட்சி இன்னும் கடுமையாக வரும். ஒரே முகமூடி போட்ட பிள்ளைகள் வரிசையாக நடந்துபோய் இறைச்சி அரைக்கும் இயந்திரத்துக்குள் விழுவார்கள். 1990 ஜூலையில், பேர்லின் சுவர் விழுந்து சில மாதங்களில், அந்தச் சுவர் நின்ற இடத்திலேயே வோட்டர்ஸ் முழு ஒபேராவையும் மேடையேற்றினார். 2 இலட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டார்கள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தப் பாட்டில் ஆசிரியர்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு பிரம்பைப் பற்றியது அல்ல. வகுப்புக்கு நடுவில் பிள்ளையை நக்கலடிக்கும் நாக்கைப் பற்றியது. பிரம்பை நான் தொட்டதில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்பவன் நான். ஆனால் நியமனம் கிடைத்த முதல் வருடத்தில் ஒரு மாணவனின் கட்டுரையை வகுப்பில் சத்தமாக வாசித்துக் கேலி செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதன்பிறகு அந்த வருடம் முழுக்க அவன் ஒரு கேள்விக்கும் கை உயர்த்தவில்லை. அவனுடைய சுவரில் ஒரு செங்கல்லை வைத்தவன் நான்தான்.

அதே பாட்டுக்குப் பின்னால் ரென்ஷோவும் நிற்கிறார். ஆசிரியர்களைக் கண்டிக்கும் பாட்டு என்று தெரிந்தும், தன் பிள்ளைகளின் குரல் வெளியே கேட்கட்டும் என்று கூட்டிக்கொண்டு போனவர். அதிபரிடம் சொல்லாமல் போனது பிழைதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் தன்னைப் போன்றவர்களை விமர்சிக்கும் வார்த்தையைப் பிள்ளைகளின் வாயில் கேட்க அவர் பயப்படவில்லை.

கேள்வி கேட்ட மாணவனிடம் கடைசியாக, "உங்கட சேர்மாரைப் பற்றி நீங்க ஒரு பாட்டு எழுதினா என்ன எழுதுவீங்க?" என்று கேட்டேன். இந்த முறை வகுப்பு சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பின் வாங்கிலிருந்து ஒரு கை மெதுவாக உயர்ந்தது. அவன் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அது எங்கள் வகுப்புக்குள் இருக்கட்டும். ஆனால் கேட்டுக்கொண்டேன்.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, உங்கள் சுவரில் செங்கல் வைத்த ஆசிரியர் யார் என்று கேட்க மாட்டேன். ஒரு செங்கல்லையாவது கழற்றி எடுத்த ஆசிரியர் இருந்தால், அவரைப் பற்றிக் கீழே இரண்டு வரி எழுதுங்கள். திங்கட்கிழமை வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.