அறுபட்ட தட்டு மீண்டும் வளர்ந்த கதை

வளர்ந்த பழ ஈயின் காலை வெட்டினால் அது மீண்டும் முளைக்காது. அதே ஈ புழுவாக இருந்தபோது கதை வேறு. கால், இறக்கை, கண் என ஒவ்வொன்றுக்கும் புழுவின் உடலுக்குள் செல்களாலான ஒரு சிறு பை மடிந்து கிடக்கிறது. ஆய்வாளர்கள் அதைத் தட்டு என்பார்கள். கூட்டுப்புழுப் பருவத்தில் விரிந்து உறுப்பாகப்போகும் இந்தத் தட்டு, பாதி அறுபட்டாலும் தன்னை முழுமையாக்கிக்கொள்ள வல்லது.

தாமஸ் ஹன்ட் மார்கன் 1901-இல் இழப்பு மீட்டலைப் பற்றியே ஒரு நூல் எழுதியவர். மண்புழுக்களையும் தட்டைப்புழுக்களையும் வெட்டிப் பார்த்த அவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பழ ஈக்களுக்கு மாறினார். 1910-இல் வெள்ளைக் கண் ஈ கிடைத்த பிறகு மரபியலே அவருடைய களமாயிற்று. அவர் விட்டுவந்த கேள்வியோ, பால் புட்டிகளில் அவர் வளர்த்த அந்த ஈக்குள்ளேயே காத்திருந்தது.

வழியைத் திறந்தது ஒரு கைத்திறன். 1935-இல் பாரிஸில் போரிஸ் எஃப்ரூசியும் ஜார்ஜ் பீடிலும் ஒரு புழுவின் கண் தட்டை நுண்ணிய கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி இன்னொரு புழுவுக்குள் செலுத்தினார்கள். அவர்கள் தேடியது கண் நிறத்தின் மரபணுக்களை. சூரிக்கில் எர்ன்ஸ்ட் ஹடோர்ன் இந்த முறையை வேறு திசையில் கொண்டுபோனார். அறுத்த தட்டுத் துண்டை வளர்ந்த பெண் ஈயின் வயிற்றில் வைத்தார். அங்கே ஊட்டம் உண்டு; உருமாற்றத்தைத் தொடங்கிவைக்கும் அளவுக்கு ஹார்மோன் இல்லை. அதனால் துண்டு உறுப்பாக மாறாமல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஈயின் ஆயுள் சில வாரங்களே என்பதால் திசுவை ஒரு வயிற்றிலிருந்து அடுத்த வயிற்றுக்கு மாற்றி, ஆண்டுக்கணக்கில் காப்பாற்றினார்கள். அசாத்தியப் பொறுமை வேண்டிய வேலை. பலமுறை மாற்றியபின் புழுவுக்குள் திருப்பி வைத்தபோது, உணர்கொம்பாக வேண்டிய திசு சில சமயம் காலாகவோ இறக்கையாகவோ விரிந்தது.

எந்தத் துண்டு முழுமையாகும் என்பது அடுத்த கேள்வி. கெரால்ட் ஷூபிகர் 1971-இல் கால் தட்டை வெட்டி, ஒரு துண்டு இழந்ததை மீட்பதையும் மற்றது தன்னையே கண்ணாடிப் பிம்பம்போல இரட்டிப்பதையும் காட்டினார். 1976-இல் பீட்டர் பிரயன்ட் உள்ளிட்ட மூவர் இதற்குக் கடிகார முகத்தை மாதிரியாக வைத்தார்கள். வெட்டுமுனைகள் சேரும்போது இடையே விடுபட்ட எண்களைத் திசு குறுகிய வழியில் நிரப்பும். ஆகவே பெரிய துண்டு முழுமையாகும், சிறியது இரட்டிக்கும். மரபணு ஒன்றின் பெயரும் இல்லாத விளக்கம் இது, ஆனாலும் அழகானது.

மரபணுவோ அதற்குள் கிடைத்துவிட்டிருந்தது. இறக்கையற்ற ஈ ஒன்றை 1973-இல் அறிவித்தவர் புது டெல்லியில் பணியாற்றிய ஆர். பி. சர்மா. அந்த ‘விங்லெஸ்’ மரபணு, இறக்கைத் தட்டு காயம்பட்டதும் விழித்தெழுவதைப் பின்னர் கண்டார்கள்.

தட்டை வெட்டும் ஊசிக்கு இருந்த வேலை 2009-இல் வெப்பத்துக்குப் போயிற்று. பெர்க்லியில் ஈஸ்வர் ஹரிஹரனின் ஆய்வுக்கூடத்தில் புழுக்களை 18 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு மாற்றினார்கள். அந்தச் சூட்டில் செல்களைக் கொல்லும் மரபணு ஒன்று இறக்கைத் தட்டில் மட்டும் இயங்கும், குளிர்வித்ததும் அடங்கும். வெட்டும் கையின் வேறுபாடு ஒழிந்தது. ஈ பிறந்ததும் இறக்கையின் அளவைப் பார்த்தால் போதும், எவ்வளவு மீண்டது என்று தெரிந்துவிடும்.

காயம்பட்ட தட்டு அவகாசமும் கேட்கிறது. அது சுரக்கும் டில்ப்8 என்ற புரதம் உருமாற்றத்தைத் தள்ளிப்போடுவதை 2012-இல் இரு குழுக்கள் கண்டன. ஆனால் புழு முதிர்ந்துவிட்டால் அவகாசம் இருந்தும் பயனில்லை. விங்லெஸ்ஸுக்கு அருகே காயத்தை உணர்ந்து அதை இயக்கும் டிஎன்ஏ பகுதியை, வயது ஏறஏற, மரபணுக்களை அடக்கிவைக்கும் பாலிகோம்ப் புரதங்கள் மூடிவிடுகின்றன என்பதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது.