தம்போய் மரமும் பெயரறிந்தோரும்

ஜொகூர் பாருவை அடுத்த தம்போய் என்னும் ஊர், மலாய்க் காட்டு விருட்சமொன்றின் நாமத்தையே தாங்கி நிற்பினும், இன்று அதன் நெடுஞ்சாலைகளில் விரைவோருள் அம்மரத்தைக் கண்டவர் மிகச் சிலரே. அதன் கனியின் தடித்த தோலைப் பிளந்தால், இனிப்பும் புளிப்பும் கலந்த வெண்சுளைகள் விதைகளைப் பொதிந்திருக்கும்.

இத்தகைய காட்டு மரங்களைத் தேடிச் சென்று அறிந்தவரும் உண்டு. 1930களில், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் உதவி இயக்குநராயிருந்த கார்னர் என்னும் ஆங்கிலேயர், ஜொகூர்ச் சதுப்புக் காடுகளில் திரிந்து தாவரங்களைச் சேகரித்தார். ஆளேற இயலாத உயரத்துக் கிளைகளினின்று பூவும் காயும் பறித்து வீழ்த்துதற்கு, தென்னையேறப் பழக்கும் 'பெரோக்' என்ற குறுவால் குரங்குகளையே, மலாய்ச் சொற்களால் கட்டளையிட்டு, அவர் பிற்பாடு துணைக்கொண்டது விநோதமான விஷயம். மலாயாவின் பாதையோர மரங்களைப் பற்றிய அவரது நூல் 1940இல் வெளிவந்தது.

குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை நிரல்படச் சொன்ன கபிலரின் வழிவந்த நமக்கு, தாவரங்களைப் பெயரறிந்து போற்றும் இத்தகைய ஆர்வம் புதிதன்று. பெயர் தெரிந்த பின்னரே இலையின் நரம்பையும் பட்டையின் நிறத்தையும் நின்று நோக்கும் பொறுமை வாய்க்கிறது என்பது என் அபிப்பிராயம். ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழரும் டுரியானையும் ரம்புத்தானையும் மலாய்ப் பெயராலேயே அறிந்து, வீட்டு வழக்காக்கிக்கொண்டனர்.