காகிதத்தில் எழுந்த அரண்மனை

போடிநாயக்கனூர் ஜமீன் அரண்மனைச் சுவர்களில் ராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டிருக்கின்றன. முதலில் அரண்மனை, பிறகு ஓவியம் என்பதுதான் வழக்கம். 1960களின் சென்னையில் கே. ராமானுஜம் என்ற இளைஞருக்கு அரண்மனை இல்லை. அதனால் காகிதத்திலேயே ஒன்றைக் கட்டி அதில் குடியேறினார்.

அவருக்குச் சரளமாகப் பேச வராது. மனநோயும் வாட்டியது. பேனா பிடித்தால் மட்டும் கை தயங்காது. நுணுக்கமான மசிக் கோடுகளை நெருக்கி நெருக்கி இழுத்து, கோபுரங்களும் குவிமாடங்களும் எழுப்புவார். தூண்களில் கொடிகள் சுற்றும், பாம்புகள் நெளியும், சிறகு முளைத்த பெண்கள் பறப்பார்கள். அத்தனை ஆடம்பரத்துக்கும் நடுவே தொப்பி அணிந்த கருத்த மனிதர் ஒருவர் தென்படுவார். அது ராமானுஜமேதான். ஊர் அவருக்குக் கொடுக்காத மரியாதை அந்தப் படங்களுக்குள் குறைவில்லாமல் கிடைத்தது.

மனநோய் வாட்டியவர்களின் படைப்புகளுக்கு ஐரோப்பாவில் வேறு கதை நடந்தது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் மனநல மருத்துவமனையில் டாக்டர் ஹன்ஸ் பிரின்ஸ்ஹார்ன், நோயாளிகள் வரைந்த சுமார் 5,000 படைப்புகளைத் திரட்டி, 1922இல் அவை பற்றி நூல் வெளியிட்டார். 1930களின் இறுதியில் நாஜிகள் அவற்றில் சிலவற்றை எடுத்துப்போய், நவீன ஓவியர்களை இழிவுபடுத்தும் கண்காட்சியில் மாட்டினார்கள். அந்தத் தொகுப்பிலிருந்த ஓவியர் ஃப்ரான்ஸ் கார்ல் பியூலரை 1940இல் கொன்றே விட்டார்கள். போருக்குப் பின் பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே சேகரித்தவற்றுக்கு 1976இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் தனி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

ராமானுஜத்தைக் கண்டெடுத்தவர் மருத்துவர் அல்ல, ஓவியர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் அவரை மாணவராகவே நடத்தினார். 1966இல் பணிக்கரும் மாணவர்களும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்ற காசில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் நிலம் வாங்கி, சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியபோது ராமானுஜமும் அங்கே போனார். கன்னிமாரா ஓட்டலுக்குப் பெரிய ஓவியங்கள் வரைந்துதரும் வேலையும் வந்தது.

அந்த அரவணைப்பும் போதவில்லை. 1973இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். முப்பதைத் தாண்டிச் சில வயதுதான் ஆகியிருந்தது. கலையுலகுக்கு வெளியே நிற்பவர்களின் படைப்புகள் பற்றிய தன் நூலுக்கு ரோஜர் கார்டினல் என்ற எழுத்தாளர் 'அவுட்சைடர் ஆர்ட்' என்று பெயரிட்டு அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தப் பெயரை ராமானுஜத்துக்கு ஒட்டுவது சரியில்லை. அவர் கல்லூரியில் பயின்றவர், ஓவியர்கள் நடுவே வாழ்ந்தவர். நோயை மறைக்க வேண்டியதில்லை, ஆனால் அதை வைத்தே அந்தக் கோடுகளை அளப்பது அநியாயம்.

சோழமண்டலத்தில் 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் சென்னை ஓவிய இயக்கத்துக்கானது. பணிக்கரின் ஓவியங்கள் இருக்கும் அதே தொகுப்பில்தான் ராமானுஜத்தின் ஓவியங்களும் இருக்கின்றன.