சின்ன லென்ஸ், பெரிய கணக்கு

புகைப்படக்கலை பற்றி எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன், படித்தது பொறியியல். துபாய்க்கு வந்த இந்த ஆண்டுகளில் லென்ஸ்களுக்குக் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்தபோது, இந்தக் கணக்கை வேறு யாருக்காவது சொன்னால் அவர்களாவது பிழைத்துக்கொள்வார்களே என்று தோன்றியது. அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

வளைகுடாவுக்கு வருகிற நம்மவர்கள் முதல் சம்பளத்தில் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். இரண்டாவதிலோ மூன்றாவதிலோ கேமரா வாங்குகிறார்கள். 2015இல் நானும் பர் துபாயின் அல் ஃபஹிதி தெருவில் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றேன். உடன் வந்த நண்பர், "கேமரா எதுவானாலும் பரவாயில்லை, லென்ஸைப் பார்த்து வாங்குங்க" என்றார். சரியான அறிவுரைதான். எதைப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை.

பிரைம் என்றால் என்ன?

குவியத் தூரத்தை மாற்ற முடியாத லென்ஸுக்குப் பிரைம் என்று பெயர். ஜூம் லென்ஸில் வளையத்தைத் திருகினால் காட்சி அருகில் வரும், விலகிப் போகும். பிரைமில் அருகே போக வேண்டுமென்றால் நாம்தான் நடக்க வேண்டும். இந்த ஒரு வசதியை விட்டுக்கொடுப்பதால் மூன்று நன்மைகள் கிடைக்கின்றன: உள்ளே நகரும் பகுதிகள் குறைகின்றன, வில்லைகள் குறைகின்றன, ஒளி நுழையும் துளையைப் பெரிதாக வைக்க முடிகிறது.

எஃப்/1.8 என்பது ஒரு வகுத்தல் கணக்கு. குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் வரும். 50ஐ 1.8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 28 மி.மீ. கேமராவோடு வரும் 18-55 ஜூம் லென்ஸ், 50 மி.மீ. பக்கம் திருகும்போது எஃப்/5.6க்குச் சுருங்கிவிடும், அப்போது துளை 9 மி.மீ.தான். ஒளியின் அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இரண்டுக்கும் இடையே பத்து மடங்கு வித்தியாசம். விளக்கு மங்கிய அறையில் ஜூம் 1/10 நொடி கேட்கும் இடத்தில் பிரைம் 1/100 நொடியில் எடுத்துவிடும். 1/10 நொடியில் குழந்தை நகர்ந்துவிடும், நம் கையும் ஆடிவிடும்.

விலை ஏன் தாவுகிறது?

துளையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் என்ன என்ற ஆசையில்தான் பர்ஸ் காலியாகிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு 50 மி.மீ. லென்ஸ்களைப் பாருங்கள். கேனன் ஆர்எஃப் 50 மி.மீ. எஃப்/1.8 (2020): 6 வில்லைகள், 160 கிராம், வெளியீட்டு விலை 199 டாலர். ஆர்எஃப் 50 மி.மீ. எஃப்/1.2 (2018): 15 வில்லைகள், 950 கிராம், 2299 டாலர். 1997 முதல் திர்ஹம் டாலருக்கு 3.6725 என்றே நிற்பதால் நம் ஊர்க் கணக்கு சுலபம்: முதலாவது சுமார் 730 திர்ஹம், இரண்டாவது சுமார் 8440 திர்ஹம். 2018 முதல் விதிக்கப்படும் 5 சதவிகித வாட் வரி தனி.

இரண்டாவதில் நுழையும் ஒளி 2.25 மடங்கு. எடையோ ஆறு மடங்கு, விலை பதினோரு மடங்குக்கு மேல். ஏன் இப்படி? துளையின் விளிம்போரமாக நுழையும் கதிர்கள் வில்லையில் அதிகம் வளைந்தாக வேண்டும். அங்கேதான் பிழைகள் பெருகுகின்றன. ஒரு பிழையைத் திருத்த ஒரு வில்லை, அந்த வில்லை கொண்டுவரும் பிழையைத் திருத்த இன்னொன்று. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு வழுவைச் சரிசெய்யப் போய் மூன்று புதிய வழுக்களோடு வீடு திரும்பும் தொழில்தானே நம்முடையது!

கூடுதல் விலைக்குப் பயன் இல்லை என்று சொல்லவில்லை. முழுத் துளையில் எடுக்கும்போது ஓரங்கள் வரை கூர்மை, வெளிச்சப் புள்ளிகளைச் சுற்றி ஊதா விளிம்பு வராமை, தூசியும் ஈரமும் புகாத கட்டமைப்பு ஆகியவை கிடைக்கும். திருமணப் படம் எடுத்துச் சம்பாதிப்பவருக்கு இவை முதலீடு. ஆனால் எஃப்/8க்குச் சுருக்கியபின் இரண்டு லென்ஸ்களின் படங்களையும் அருகருகே வைத்தால் எது எதுவென்று கண்டுபிடிப்பது கடினம். எஃப்/16இல் ஒளியின் விளிம்பு விலகல் ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை. எல்லா லென்ஸையும் ஒன்றுபோல் மழுங்கடிக்கும்.

ஊத்தப்ப லென்ஸ்கள்

மிகத் தட்டையான பிரைம்களை ஆங்கிலத்தில் பேன்கேக் என்பார்கள். நம்மூரில் பெயர் வைத்திருந்தால் ஊத்தப்பம் என்றிருப்பார்கள். இவற்றில் பல 40 மி.மீ. அருகிலேயே இருப்பது தற்செயல் அல்ல. பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் லென்ஸுக்கும் படலத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஆடுவதற்கு இடம் வேண்டும். கேனனில் அந்த இடைவெளி 44 மி.மீ., நிக்கானில் 46.5. குவியத் தூரமும் இந்த இடைவெளியும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் எளிய வடிவமைப்பே போதும். 24 அல்லது 28 என்று அகலக் கோணத்துக்குப் போனால் பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ளக் கூடுதல் வில்லைகள் வேண்டும், லென்ஸ் நீளும்.

அடிப்படை வடிவங்களும் பழையவைதான். ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1896இல் ஆறு வில்லைகள் கொண்ட பிளானாரை வடிவமைத்தார், 1902இல் நான்கே வில்லைகள் கொண்ட டெஸ்ஸாரை. அக்காலத்தில் கண்ணாடிப் பரப்புகளுக்கு எதிரொளிப்புத் தடுக்கும் பூச்சு கிடையாது. பரப்புகள் குறைவு என்பதால் டெஸ்ஸார் தெளிவாக எடுத்தது, பிரபலமானது. 1935இல் ஸைஸின் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா பூச்சைக் கண்டுபிடித்தபின் பிளானார் வடிவத்துக்கு மறுவாழ்வு வந்தது. இன்றைய மலிவான 50 மி.மீ. லென்ஸ்கள் பெரும்பாலும் அதன் பேரப்பிள்ளைகள். நூறாண்டுக்கும் மேலாகத் தெரிந்த சூத்திரம் என்பதால்தான் அவை மலிவு. மலிவு என்பதால் மட்டம் அல்ல.

தெரிந்துகொள்ள வேண்டிய சில ஊத்தப்பங்கள்:

பென்டாக்ஸ் டிஏ 40 மி.மீ. எஃப்/2.8 லிமிடெட் (2004): 15 மி.மீ. தடிமன், 90 கிராம். உலோக உடல்.

பானசோனிக் 20 மி.மீ. எஃப்/1.7 (2009): 25.5 மி.மீ. தடிமன், 100 கிராம். சிறிய சென்சார் கேமராக்களுக்கானது.

கேனன் ஈஎஃப் 40 மி.மீ. எஃப்/2.8 (2012): 22.8 மி.மீ. தடிமன், 130 கிராம்.

ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்எஃப் 27 மி.மீ. எஃப்/2.8 (2013): 23 மி.மீ. தடிமன், 78 கிராம்.

கேனன் ஈஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப்/2.8 (2014): 22.8 மி.மீ. தடிமன், 125 கிராம். வெளியானபோது 149 டாலர்.

நிக்கான் இஸட் 26 மி.மீ. எஃப்/2.8 (2023): 125 கிராம். முழு அளவு சென்சாருக்கு.

கண்ணாடி ஆடாத மிரர்லெஸ் கேமராக்களில் இடைவெளி 16 முதல் 20 மி.மீ. வரைதான் என்பதால் அகலக் கோண லென்ஸ்களும் சிறுத்துவிட்டன. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கேனன் ஆர்எஃப் 16 மி.மீ. எஃப்/2.8 (2021) வெறும் 165 கிராம். ஆனால் அது தரும் மூலப் படத்தில் நேர்கோடுகள் பீப்பாய் போல் வளைந்திருக்கும். கேமராவின் மென்பொருள் அதை நிமிர்த்திக் காட்டுகிறது. லென்ஸின் ஒரு பகுதியை இன்று எங்கள் ஆட்கள் நிரலாக எழுதுகிறார்கள். நிமிர்த்தும்போது ஓரங்கள் இழுபடுவதால் கூர்மை கொஞ்சம் போகும். அதுதான் சின்ன உருவத்துக்கு நாம் கொடுக்கும் மறைமுக விலை.

நான் செய்த தவறுகள்

முதல் தவறு, எல்லோரும் சொன்னார்கள் என்று 50 மி.மீ. வாங்கியது. லென்ஸ் அருமையானது. ஆனால் என் கேமராவின் சென்சார் சிறியது. அதில் 50 மி.மீ. என்பது 80 மி.மீ. போலத் தெரியும். நாங்கள் நான்கு பேர் தங்கிய அறையில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் ஒரு முகம்தான் அடங்கியது. வாங்கும் முன் உங்கள் சென்சாரின் பெருக்கல் எண்ணைப் பாருங்கள். என் அறைக்கு ஏற்றது 24 மி.மீ.; அது என் கேமராவில் 38 மி.மீ. போல.

இரண்டாவது தவறு, முழுத் துளை மோகம். இரண்டு மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. எஃப்/1.8 தரும் கூர்மை ஆழம் என் கேமராவில் 11 செ.மீ. அளவுதான். முன்னால் இருப்பவர் தெளிவாகவும் தோளில் கை போட்டிருப்பவர் புகையாகவும் வந்த படங்கள் என்னிடம் நிறைய உண்டு.

மூன்றாவது, உத்தரவாத அட்டை. ஒரு கடையில் இருநூறு திர்ஹம் குறைவு என்று வாங்கினேன். மோட்டார் நின்றபோதுதான் அட்டை வேறு பிராந்தியத்துடையது, இங்கே செல்லாது என்று தெரிந்தது. குறைத்த இருநூறைப் போல் இரண்டு மடங்கு பழுதுக்குப் போனது. உள்ளூர் உத்தரவாதமா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

நான்காவது, ஊர் திரும்பும் ஒருவரிடம் வாங்கிய 24-70 எஃப்/2.8 ஜூம். 950 கிராம். விலை நியாயம், தரத்தில் குறை சொல்ல முடியாது. அதன் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

பழைய லென்ஸ் வாங்குவது தவறு என்று நினைத்துவிடாதீர்கள். வேலை முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் எப்போதும் இருக்கும் இடம் இது. கைப்பேசி விளக்கை லென்ஸ் வழியே அடித்துப் பாருங்கள். சிலந்திவலை போல் தெரிந்தால் பூஞ்சை, வாங்காதீர்கள். துளையின் தகடுகளில் எண்ணெய் பளபளக்கிறதா என்று பாருங்கள். எதிரே உள்ள அடுக்குமாடியை நேராக நின்று படமெடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் உள்ளே வில்லை சாய்ந்திருக்கிறது.

இந்த மண்ணில்

வளைகுடாக் கோடையில் லென்ஸுக்கு முதல் எதிரி ஈரம். 2003 ஜூலை 8ஆம் தேதி சவூதியின் தஹ்ரானில் பனிநிலை 35 டிகிரி என்று பதிவானது. 22 டிகிரி குளிரூட்டிய அறையிலிருந்து லென்ஸை அப்படிப்பட்ட காற்றுக்குள் கொண்டுபோனால் குளிர்பானப் புட்டி போல் வேர்த்துவிடும். மூடிய பையிலேயே அரைமணி நேரம் வைத்துச் சூடேறவிட வேண்டும். இங்கும் சின்ன லென்ஸுக்கு ஒரு சௌகரியம்: 125 கிராம் சீக்கிரம் சூடேறும், 950 கிராம் ஏறாது. இரண்டாவது எதிரி மணல். பாலைவனத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். மாற்ற வேண்டாம் என்று தீர்மானித்துக் கிளம்ப, ஒரே ஒரு பிரைம் நல்ல துணை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2010 நவம்பரில், பத்திரிகையாளர் அல்லாதவர்கள் பொது இடங்களில் எஸ்எல்ஆர் கேமரா பயன்படுத்தக் குவைத்தில் தடை என்று ஒரு செய்தி வந்தது. உலகெங்கும் பரவியபின், செய்தி தவறு என்று வெளியிட்ட நாளிதழே திரும்பப் பெற்றது. இருந்தும் பலர் அதை எளிதில் நம்பியதற்குக் காரணம் உண்டு. பெரிய லென்ஸ் இங்கே எல்லார் கண்ணையும் உறுத்தும். அமீரகச் சட்டப்படி அனுமதியின்றி ஒருவரைப் படமெடுத்து அவர் அந்தரங்கத்தை மீறுவது சிறையும் பெரும் அபராதமும் தரும் குற்றம். சின்ன லென்ஸ் ஒளிந்து எடுப்பதற்கு அல்ல. 24 மி.மீ.யில் முகத்தை எடுக்க அருகே போக வேண்டும். அருகே போனால் பேச வேண்டும், கேட்க வேண்டும்.

1946 முதல் 1948 வரை ருப் அல் காலி பாலையை இருமுறை ஒட்டகத்தில் கடந்த வில்ஃப்ரட் தெசிகர் கொண்டுபோனது லைக்கா 2. அந்தக் கேமராவோடு அக்காலத்தில் வழக்கமாக வந்தது 50 மி.மீ. எஃப்/3.5 எல்மார், உள்ளே தள்ளி மடக்கக்கூடிய நான்கு வில்லைச் சிறு லென்ஸ். 1965இல் பம்பாயிலிருந்து ஷார்ஜா வந்த ரமேஷ் சுக்லாவிடம் இருந்தது லென்ஸ் மாற்ற இயலாத ரோலிகார்ட். 1971 டிசம்பர் 2ஆம் தேதி அமீரகம் ஒன்றாய்ப் பிறந்த தருணத்தைப் பதிவு செய்த படங்களுக்காக இந்நாடு அவரை இன்றும் கொண்டாடுகிறது. இவர்கள் யாரும் ஜூம் இல்லையே என்று வருந்தியதாகத் தெரியவில்லை.

கடைசியாக

2017இல் விடுமுறைக்குக் கிளம்பியபோது பெட்டியில் முப்பது கிலோவும் நிறைந்திருந்தது. கைப்பைக்கு ஏழு கிலோ. மடிக்கணினியும் குழந்தைகளுக்கு வாங்கிய சாக்லேட்டும் போக, 950 கிராம் ஜூம் அலமாரிக்குத் திரும்பியது. 24 மி.மீ. மட்டும் கேமராவோடு வந்தது.

காரைக்குடிப் பக்கத்து எங்கள் ஊரில் அப்பத்தா அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான். ஒரு முழம் தள்ளி நானும் தரையில் உட்கார்ந்தேன். 1/30 நொடி, எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600. லென்ஸை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இத்துனூண்டு கண்ணாடிக்கா இம்புட்டுக் காசு?" என்றார். சிரித்த அந்தக் கணத்தில் அழுத்திவிட்டேன்.

அடுத்த ஆண்டு அவர் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தால் அந்தப் படத்தின் ஓரங்கள் கொஞ்சம் மங்கல்தான், மூலைகள் இருண்டிருக்கும். விலை, அளவு, தரம் என்ற மூன்றில் தரத்துக்கு நான் முழு மதிப்பெண் தர மாட்டேன். ஆனால் அந்த அடுப்படியில் என்னோடு இருந்த லென்ஸ் அது ஒன்றுதான். தரத்தில் சிறந்தது அன்று துபாயில், இருட்டு அலமாரியில், சிலிக்கா ஜெல்லோடு பத்திரமாக இருந்தது.

வாங்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை இவ்வளவே: முதலில் உங்கள் பையை எடுத்துப் பாருங்கள், பிறகு பர்ஸை. அட்டவணையில் இருக்கும் கூர்மை எண்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.